தாமதம் யாருடையது?

ஐம்பதை எட்டியவர்கள் பழைய வீடியோ கேம் பெட்டியை மறுபடியும் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் சொல்லும் முதல் வாக்கியம், "முன்ன மாதிரி கை ஓடல" என்பதுதான். பழைய படங்களை மறுபடியும் போட்டுப் பார்ப்பவர்களும் ஏறத்தாழ இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள்: படம் இழுக்கிறது, வசனம் காதில் விழவில்லை, பாட்டு அன்று கேட்டதுபோல இல்லை. எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பழுது கண்டறியும் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் என்பதால், குறை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது என்ற ஒழுங்கு எனக்குப் பழகிப்போய்விட்டது. அதே ஒழுங்கை என் மீதும் என் விளையாட்டுப் பெட்டியின் மீதும் சில காலமாகச் செலுத்திப் பார்த்ததில் தெரியவந்தவை என் வயதுக்காரர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு 1980களின் இறுதியில் வந்து சேர்ந்தது, நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியை அப்படியே பின்பற்றித் தைவானில் செய்யப்பட்ட மைக்ரோ ஜீனியஸ். அம்மாவின் தொழிற்சாலை போனஸில் வாங்கியது. அதில் அண்ணனும் நானும் விளையாடிய ஆட்டங்கள் பலவற்றை, 2016 நவம்பரில் நிண்டெண்டோ 30 ஆட்டங்களோடு வெளியிட்ட சிறிய மறுபதிப்புப் பெட்டியில் அண்மையில் பட்டர்வொர்த்தில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து விளையாடினோம். முதல் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே அண்ணன் கட்டுப்பாட்டுக் கருவியைத் தரையில் வைத்துவிட்டார்.

"என்ன தம்பி, இது இந்த ஓட்டம் ஓடுது? நமக்கு அவ்ளோ வயசாயிருச்சா?"

"இல்லண்ணே, இது நெசமாவே வேகமாத்தான் ஓடுது. நம்ம பெட்டிதான் அப்ப மெதுவா ஓடுச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. டிஜிட்டலுக்கு முந்திய மலேசியாவின் ஒப்புமை (அனலாக்) ஒளிபரப்பு பி.ஏ.எல். முறையைச் சேர்ந்தது, அதில் திரை ஒரு நொடிக்கு 50 முறை வரையப்படும். ஜப்பானும் அமெரிக்காவும் பின்பற்றிய என்.டி.எஸ்.சி. முறையில் அது 60. அந்தக் காலத்து ஆட்டங்களுக்குத் திரை ஒருமுறை வரையப்படும் நேரமே கடிகாரம். பாத்திரம் எத்தனை புள்ளி நகர வேண்டும், இசையின் அடுத்த சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும். 60க்கு எழுதப்பட்ட ஆட்டத்தை 50இல் ஓடும் பெட்டியில் போட்டால் எல்லாம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். 50 விநாடியில் முடிய வேண்டிய பின்னணி இசை 60 விநாடி எடுத்துக்கொள்ளும். எங்கள் பெட்டி அப்படிப்பட்டது. ஆகவே இன்று எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே 60இல் வரும் மறுபதிப்பு, நம் நினைவில் இருப்பதைவிட உண்மையாகவே வேகமானது. பழைய பெட்டி இன்னும் இயங்கும் நிலையில் வைத்திருப்பவர்கள், இரண்டிலும் ஒரே இசைச் சுற்றைக் கைப்பேசியின் நிறுத்தக் கடிகாரத்தால் அளந்து பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். அண்ணனுக்கும் அப்படித்தான் தீர்ந்தது.

சினிமாவில் நேர்ந்தது இதற்கு நேர் எதிர். படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள், ஓடுவது. அதைப் பி.ஏ.எல். தொலைக்காட்சிக்கும் நாடாவுக்கும் மாற்றியபோது, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 25ஆக ஓட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 160 நிமிடப் படம் ஆறு நிமிடத்துக்கும் மேல் முன்னதாகவே முடிந்துவிடும், பாடல்களின் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலேறி ஒலிக்கும். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணன், டிவியில் வரும் பாட்டுக்குக் கூடவே வாசித்தால் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காரவில்லை என்றும், அதே பாட்டு ஒலிநாடாவில் ஒழுங்காக உட்காருகிறது என்றும் அந்த வயதிலேயே குறைப்பட்டுக்கொள்வார். நாங்கள் ஆர்மோனியத்தைச் சந்தேகித்தோம். இன்று அதே படம் சீரமைக்கப்பட்டு 24 சட்டங்களில் வரும்போது, நடிகர்களின் குரல் சற்றுத் தடித்திருப்பதாகவும் காட்சிகள் இழுப்பதாகவும் தோன்றினால், முதலில் இதை நினைத்துப் பார்க்கலாம். விளையாட்டு மெதுவாகவும் சினிமா வேகமாகவும் ஓடிய வீட்டில் வளர்ந்தவர்கள் நாம்; இரண்டுமே இப்போது தத்தம் சரியான வேகத்துக்குத் திரும்பியிருக்கின்றன.

வேகம் மட்டுமல்ல, பரப்பும் மாறியிருக்கிறது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல் வந்த பிறகு அகலத் திரைப் படங்கள் பெருகின. அவற்றை அகலம் நான்கு பங்கும் உயரம் மூன்று பங்குமான அந்நாளைய நான்குக்கு மூன்று திரையை நிரப்பும்படி காட்டியபோது இரு பக்கங்களும் வெட்டப்பட்டு, படத்தின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காணாமல் போனது. வி.சி.டி. காலத்திலும் இது தொடர்ந்தது. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடமே கொள்ளும் என்பதால் ஒரே படத்தை இரண்டு மூன்று தட்டுகளில் மாற்றி மாற்றிப் போட்டு, அதிலும் பாதி முகங்களைத்தான் பார்த்தோம். எனவே, பலமுறை பார்த்த படத்தில் இதுவரை கவனிக்காத ஒருவர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தால் நினைவு தேய்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. அவர் நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. மறுபுறம், நான்குக்கு மூன்றில் உள்ள பழைய படத்தையும் பழைய ஆட்டத்தையும் இன்றைய அகலத் திரையில் இழுத்துப் பரப்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் கன்னம் உப்பி, பந்து முட்டையாகிவிடுகிறது. பட அளவு அமைப்பில் நான்குக்கு மூன்றைத் தேர்ந்தெடுத்து, இரு பக்கமும் கறுப்பாக இருக்க விட்டுவிடுவதே சரி.

இப்போது கைக்கு வருகிறேன். படக்குழாய் கொண்ட பழைய டியூப் டிவி, சமிக்ஞை வந்த மாத்திரத்தில் ஒளிர்ந்துவிடும். தட்டைத் திரைத் தொலைக்காட்சி அப்படிச் செய்வதில்லை. வரும் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெரிதாக்கி, மெருகேற்றி, சட்டங்களுக்கு இடையே தானாகச் சில சட்டங்களை உருவாக்கிச் செருகி, அதன் பிறகே காட்டும். சாதாரணப் பட அமைப்பில் பல தொலைக்காட்சிகளில் இந்தத் தாமதம் 50 முதல் 100 மில்லிநொடி வரை போகும். 60இல் ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டத்தின் ஆயுள் 16.7 மில்லிநொடி, 100 மில்லிநொடி என்றால் நீங்கள் பார்ப்பது ஆறு சட்டங்களுக்கு முந்திய உலகம். பள்ளத்தின் விளிம்பில் பொத்தானை அழுத்துகிறோம், ஆட்டத்தின் கணக்கில் பாத்திரம் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

இதை அளக்கச் சிறப்புக் கருவி தேவையில்லை. கைப்பேசியின் மெதுவசைவுப் பதிவை நொடிக்கு 240 சட்டங்களில் வைத்து, கட்டைவிரலும் திரையும் ஒரே படத்தில் விழும்படி பிடித்து, பொத்தான் அமுங்கும் சட்டத்திலிருந்து பாத்திரத்தின் கால் தரையை விட்டு எழும் சட்டம் வரை எண்ணினால் போதும். ஒவ்வொரு சட்டமும் நான்கு மில்லிநொடிக்குச் சற்று மேல். எங்கள் வீட்டு டிவியில் வழக்கமான அமைப்பில் முப்பதுக்கு மேல் வந்தது. பட அமைப்பில் 'கேம் மோட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு பன்னிரண்டு அளவுக்கு இறங்கியது. முதல் அமைப்பில் விளையாடியபோது, பதினேழு வயது மகனும் நான் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுந்தான். இரண்டாவது அமைப்பில் இருவரும் தாண்டினோம். அவன் என்னைவிடத் திருத்தமாகத் தாண்டினான். ஆக, டிவியின் பங்கைக் கழித்துவிட்டால் மிஞ்சும் அந்தச் சிறு வித்தியாசம் என்னுடையது. எதிர்வினை நேரம் வயதோடு கூடத்தான் செய்கிறது, ஆனால் மெல்லக் கூடுகிறது. என் ஆண்டுகள் சேர்த்த தாமதத்தைவிட டிவி சேர்த்த தாமதம் பெரிது.

பழைய படங்கள் நாடகத் தொடர்போல வழவழவென்று தெரிவதற்கும் காரணம் இதே இடைச்செருகல் சட்டங்கள்தான். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அமைப்புப் பட்டியலில் 'மோஷன்' என்ற சொல்லைத் தேடி அணைத்துவிடலாம். 2019இல் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள் கூடி அறிமுகப்படுத்திய 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் பெட்டியில் இருந்தால், படத்துக்கு அது. ஆட்டத்துக்குக் கேம் மோட்.

துப்பாக்கி வடிவக் கருவியை டிவியை நோக்கிப் பிடித்துச் சுடும் ஆட்டம் தனிக் கதை. பறவையைச் சுடும் அப்படியொரு ஆட்டத்தைத் தட்டைத் திரையில் முயன்று, ஒன்றுகூட விழாமல், கை நடுங்குகிறதோ என்று மனம் தளர்ந்த நண்பர் ஒருவர் உண்டு. துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் போவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, பறவை இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும்; துப்பாக்கி முனையிலுள்ள உணரி அந்த வெளிச்சத்தைக் குறித்த கணத்தில் பார்த்தால் பறவை விழும். தட்டைத் திரையில் அந்தச் சதுரம் பிந்தித்தான் தோன்றும், அதற்குள் ஆட்டம் தீர்ப்பை எழுதிவிடும். வில்வித்தை வீரரே வந்தாலும் அங்கே ஒரு பறவையும் விழாது.

கண்ணைப் பற்றி இத்தனை உறுதியாக இயந்திரத்தின் பக்கம் பேச முடியாது. அம்மா 1970களின் இறுதியில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தப் பேட்டை 1972இல் தொடங்கி, எங்கள் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு பெண்ணைத் தன்னிடம் இழுத்துக்கொண்டது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை நுண்ணோக்கி வழியே பார்த்துச் சில்லுகளில் இணைப்பது அவருடைய வேலை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது, நுண்ணோக்கிதான் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். தொழிற்சாலை வாசலையே மிதிக்காத பெரியம்மாவும் அதே வயதில் அதே கண்ணாடியை வாங்கினார் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பதுகளில் கண்வில்லை வளையும் தன்மையை இழப்பது எல்லோருக்கும் நேர்வது. நுண்ணோக்கி பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் நேரும்.

கையடக்கப் பெட்டிகளில் இயந்திரமும் வயதும் கைகோத்துக்கொள்கின்றன. 1989இல் வந்த கேம் பாயின் திரை 160க்கு 144 புள்ளிகள், பின்னொளி கிடையாது. வயதாக ஆகக் கண்மணி சுருங்கி, கண்ணுக்குள் நுழையும் ஒளி குறைகிறது. சிறுவனாகத் தெருவிளக்கடியில் விளையாடிய அதே பெட்டியை இன்று சன்னலோரப் பகல் வெளிச்சத்தில்தான் என்னால் விளையாட முடிகிறது. பின்னொளி கொண்ட மாற்றுத் திரைகள் இப்போது கிடைக்கின்றன. அசல் தன்மை போய்விடும் என்று தயங்குபவர்களுக்கு என் பதில், எழுத்தே தெரியாத அசலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான். டிவிக்கு முன்னால் உட்காருவோர் கவனிக்க வேண்டியது வேறு. பல்நோக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால், தலை பின்னால் போவதால் திரை கண்ணாடியின் கீழ்ப்பகுதிக்கு, அதாவது புத்தகம் படிக்கும் பகுதிக்கு, இறங்கிவிடும். படம் மங்கும், கழுத்து வலிக்கும். நிமிர்ந்து உட்காரலாம், அல்லது டிவி தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி ஒன்றைச் செய்துகொள்ளலாம். நான் இரண்டாவதைச் செய்தேன்.

விரல் வலிக்கு வயது ஒரு காரணம், அடம் இன்னொரு காரணம். 1990இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்தில், பிள்ளைகளுக்கு வாங்கிய நிண்டெண்டோவில் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் விளையாடிக் கட்டைவிரல் தசைநாணில் கடும் வலியோடு வந்த 35 வயதுப் பெண்ணைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஐம்பதில் அவ்வளவு மணி நேரம்கூடத் தேவைப்படாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுவதும், அசல் செவ்வகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பதிலாக உள்ளங்கையை நிறைக்கும் பெரிய கருவியைப் பயன்படுத்துவதும் எனக்கு உதவுகின்றன. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் வலி சில நாள்களுக்கு மேல் நின்றால் தைலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

வசனம் கேட்காததில் பழி இரு பக்கமும் உண்டு. வயதோடு முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ச, ஸ, த போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. தட்டை டிவியின் ஒலிபெருக்கியோ சுவரைப் பார்த்துப் பேசுகிறது. ஆறு தட ஒலியாக வரும் படத்தில் வசனம் நடுத் தடத்தில் இருப்பதால், இரண்டு ஒலிபெருக்கி மட்டும் உள்ள வீட்டில் ஒலி வெளியீட்டை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் வசனம் முன்னே வரக்கூடும். திரையரங்கில் இந்த வசதி இல்லை. அங்கே எனக்குத் துணை மலாய் எழுத்துரை. தமிழ் வசனத்தைத் தவறவிட்டு, அதை மலாயில் படித்துப் புரிந்துகொண்டு, ஒரு நொடி பிந்திச் சிரிப்பவர்களில் நானும் ஒருவன். எங்கள் பக்கத்து அரங்குகளில் 'இடைவேளை' என்று திரையில் எழுத்து வரும், ஆனால் விளக்குப் போடாமல் படம் அப்படியே தொடரும். இந்த வயதில் அந்த எழுத்தை ஓர் உத்தரவாகவே எடுத்துக்கொண்டு எழுந்து போய்வந்துவிடுவது நல்லது, உச்சக்காட்சி வரை தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

ஆட்டத்தைப் பாதியில் சேமித்துக்கொள்வது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1985இல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட். சேமிக்கும் வசதி கிடையாது. அவ்வளவு சிறிய இடத்தில் எழுதியதை மாதக்கணக்கில் விளையாட வைக்க, தோற்றால் முதலிலிருந்து தொடங்கச் செய்வதே வழியாக இருந்தது. பள்ளி விடுமுறைக்கு அது பொருந்தியது. மறுநாள் காலை ஏழு மணி வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்தவில்லை.

பழைய பெட்டியும் அதில் செருகும் ஆட்டக் கேசட்டும் தேடுவோருக்குச் சில குறிப்புகள். ஜார்ஜ்டவுனில் நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் சந்தையில் காலையிலேயே போனால் நல்லது. தரையில் விரித்த விரிப்புகளில் கைக்கடிகாரம், நாணயம், வி.சி.டி. குவியல்களுக்கு இடையே எப்போதாவது ஒன்று தட்டுப்படும். 'பல்லாயிரம் ஆட்டங்கள்' என்று எழுதிய கேசட்டில் உண்மையில் ஒரு கையளவு ஆட்டங்களே இருக்கும். ஒரே ஆட்டத்தை வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கி வெவ்வேறு பெயரில் எண்ணியிருப்பார்கள். கேசட் வேலை செய்யவில்லை என்றால், சிறுவயதில் செய்ததுபோல வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செம்பு முனைகளை அரிக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரம் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டு பக்க முனைகளையும், பஞ்சில் கறுப்பு ஒட்டாத வரை துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள்.

சேமிப்பு உள்ள கேசட்டுகளில் பெரும்பாலும் ஒரு நாணய மின்கலம், வழக்கமாக சி.ஆர். 2032 வகை, பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகளில் அது தீர்ந்திருந்தால் ஆட்டம் ஓடும், சேமிப்பு மட்டும் நிற்காது. மாற்றும்போது கால்தகடு பொருத்தியே விற்கும் மின்கலத்தை வாங்குங்கள். சாதாரண மின்கலத்தின் மேல் நேரடியாகச் சூடான பற்றுக்கோலை (சால்டரிங் அயர்ன்) வைத்தால் அது வெடிக்கக்கூடும். கழற்றும்போது மிச்சமிருக்கும் பழைய சேமிப்பு அழிந்துவிடும் என்பதையும் முன்னமே தெரிந்துகொள்ளுங்கள்.

டியூப் டிவி இன்னும் கிடைக்கிறது. 2019 அக்டோபர் இறுதியில் நாடு முழுவதும் ஒப்புமை ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட சமயத்தில் எங்கள் அடுக்குமாடியின் குப்பை அறைக்கு வெளியே வரிசையாக நின்றிருந்தன. இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. விளையாட்டுப் பெட்டியின் கம்பியைச் செருகும் ஏ.வி. துளைகள் முன்புறமோ பின்புறமோ இருக்கிறதா, திரையின் மூலைகளில் நிறத் திட்டு இருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். பின்மூடியைத் திறக்க வேண்டாம். படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும், மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம், மின்னிறக்கம் செய்யத் தெரிந்தவரே தொட வேண்டும். 21 அங்குலப் பெட்டி 20 கிலோவைத் தாண்டும், எடையில் பெரும்பகுதி முன்கண்ணாடியில் இருப்பதால் திரையை மார்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டும். அப்படி ஒன்று குளுகோரில் கிடைத்து வீட்டுக்கு வந்தபோது, தூக்கும் வேலையை மகனிடமும் அவன் நண்பனிடமும் ஒப்படைத்துவிட்டு, மின்தூக்கியின் கதவு மூடாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.